மாத்திரைக்கு ஒரு நோட்டு: பைபோலார் உள்ள பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் பெற்றோருக்கு

என் மகளுக்கு 14 வயதில் பைபோலார், அதாவது மனம் சில காலம் அளவு மீறி உயர்வதும் சில காலம் சோர்ந்து விழுவதுமாக மாறி மாறி வரும் நோய், இருப்பதாக மனநல மருத்துவர் சொன்னார். அன்றிரவு மாத்திரைப் பட்டையை மேசையில் வைத்துவிட்டு நானும் மனைவியும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் நான் எழுந்து போய் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்து முதல் பக்கத்தில் கட்டம் போட்டேன். தேதி, மருந்து, அளவு, கொடுத்த நேரம், தூங்கிய மணி, குறிப்பு. கணக்கு எழுதுவது என் தொழில். என்ன செய்வதென்று புரியாதபோது கை பழகிய வேலையைச் செய்தது. இன்று அவளுக்கு 18 வயது. இப்போது ஓடுவது ஏழாவது நோட்டு.

இந்த நான்கு ஆண்டுகளில் கற்றதை, இப்போதுதான் முதல் பட்டையைக் கையில் வாங்கியிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் டாக்டர் நம் பிள்ளையைப் பார்ப்பது மாதத்துக்கு இருபது நிமிடம். மற்ற நேரமெல்லாம் பார்ப்பது நாம். அந்த இருபது நிமிடத்தில் நாம் சொல்வதை வைத்துத்தான் மாத்திரை கூடும், குறையும், மாறும். பார்த்ததைச் சரியாகச் சொல்லத் தெரியாவிட்டால் நல்ல மருந்துகூடத் தவறான திசையில் போய்விடும். அது எங்களுக்கே நடந்தது.

முதல் மாத்திரைக்கு முன்னால்

அவளுக்கு முதலில் வந்தது மனச்சோர்வு. பத்து வாரம் பள்ளிக்குப் போகவில்லை, தலை வாரவில்லை, கேட்டதற்குப் பதில் இல்லை. அப்போது பார்த்த மருத்துவர், "குடும்பத்துல யாருக்காவது மனசு சம்பந்தமா ஏதாவது இருந்திருக்கா?" என்று கேட்டார். "இல்லை" என்று சொல்லிவிட்டேன். என் சித்தப்பா இளவயதில் வாரக்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்ததும், பிறகு ஓர் அறைக்குள் ஒடுங்கிப் போனதும் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதை நோய் என்று சொன்னதில்லை. "அவன் சுபாவம் அப்படி" என்றுதான் பேச்சு. அதனால் என் வாயிலும் அது வரவில்லை.

அவர் மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த விவரத்துக்கு அது சரியான மருந்துதான். மூன்றாவது வாரம், விடியற்காலை மூன்று மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்துப் போனேன். புத்தகங்கள் எல்லாம் தரையில். அட்டையின் நிறப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் பளபளவென்று இருந்தது. "அப்பா, எனக்கு இனிமே தூக்கமே தேவையில்ல, தெரியுமா? ரெண்டு மணி நேரம் போதும்" என்றாள். ஐந்து நாள் அப்படியே ஓடினாள், களைப்பே இல்லாமல்.

பைபோலார் உள்ள பிள்ளைகளுக்கு மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கம் துள்ளி, மேனியா என்ற அளவு மீறிய வேக நிலையாகிவிடும். இது தவிர, குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் இந்த மருந்துகள் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு 2004 முதல் எல்லா மனச்சோர்வு மருந்துகளுக்கும் எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கிறது. கொடுக்கவே கூடாது என்பதில்லை. மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து ஒன்று கூடவே இருக்கும்போது, கவனத்தோடு சேர்ப்பதுண்டு.

ஆகவே முதல் சந்திப்புக்குப் போகுமுன் இரண்டு பக்கத்துக் குடும்பத்தையும் மூன்று தலைமுறைக்கு எழுதிக்கொண்டு போங்கள். தற்கொலை, "கோட்டி பிடிச்சது" என்று ஊர் பேசியது, அளவு மீறிய குடி, காரணம் சொல்லாமல் வருடக்கணக்கில் முடங்கியது, எல்லாம் வேண்டும். யாருக்காவது லித்தியம் என்ற மருந்து பலன் தந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வெட்கத்தால் விட்டுப்போகும் ஒரு வரி பிள்ளைக்கு எவ்வளவு செலவாகும் என்பது எனக்குத் தெரியும்.

நோய் இதுதானா என்று டாக்டர் பல முறை கேள்வி கேட்டால் பொறுமையாக இருங்கள். மேனியா என்றால் குறைந்தது ஒரு வாரம், அதன் இளகிய வடிவமான ஹைப்போமேனியா என்றால் குறைந்தது நான்கு நாள், பிள்ளை வழக்கமாக இருக்கும் நிலையிலிருந்து தெளிவாக மாறியிருக்க வேண்டும். எப்போதும் எரிச்சல், எதற்கெடுத்தாலும் கோபம், வருடம் முழுக்க அப்படியே என்றால் அது வேறாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் பைபோலார் என்று பெயர் வைத்துப் பலத்த மருந்து கொடுப்பது பெருகிவிட்டதால்தான் 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற நோய்ப் பகுப்பு நூலில் அந்தத் தொடர் எரிச்சலுக்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். எனவே "கோபப்படுறா" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, எத்தனை நாள், அப்போது எத்தனை மணி தூங்கினாள், தூங்காததற்குக் களைப்பு இருந்ததா என்று சொல்லுங்கள். எங்கள் டாக்டர் அதிகம் கேட்டது தூக்கத்தைப் பற்றித்தான்.

மருந்து தொடங்குமுன் உடலின் கணக்கையும் எடுத்துவிட வேண்டும். எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு. லித்தியம் என்றால் சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின், தைராய்டு, கால்சியம். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்குக் கர்ப்பப் பரிசோதனையும் கேட்பார்கள். சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, எல்லாரிடமும் கேட்பதுதான். கோபப்பட வேண்டாம். இதோடு நான் இன்னொன்றும் செய்தேன். அவளை இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா பார்த்தேன், ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள், எத்தனை முறை சிறுநீர் போகிறாள் என்று எழுதினேன். முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் மருந்தின் தலையில் விழும், அல்லது எதுவுமே விழாது.

எந்த மருந்து எதற்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இரண்டு வகைதான் உங்கள் சீட்டில் வரும். ஒன்று, ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல், க்வெடியபின், ஓலன்சபின், அசெனபின் போன்ற புதிய ஆன்டிசைக்காடிக் (மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான) மருந்துகள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேனியாவுக்கும் இவைதான் வேகமாகக் கேட்கின்றன. அமெரிக்காவில் ஓலன்சபினுக்கு 13 வயதிலிருந்தும், மற்ற நான்குக்கும் 10 வயதிலிருந்தும் மேனியாவுக்கு அனுமதி உண்டு. லுராசிடோன் என்பது பைபோலாரின் மனச்சோர்வுப் பக்கத்துக்கு, 10 வயதிலிருந்து. இரண்டாவது, லித்தியம், வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் போன்ற, மனநிலையை நிலைப்படுத்தும் மூட் ஸ்டெபிலைசர்கள்.

6 முதல் 15 வயது வரையுள்ள 279 பிள்ளைகளிடம் எட்டு வாரம் நடத்தி 2012-இல் வெளியான டீம் என்ற ஆய்வில், மேனியா அடங்கியவர்கள் ரிஸ்பெரிடோனில் 68.5 சதவீதம், லித்தியத்தில் 35.6, வால்ப்ரோயேட்டில் 24. ஆனால் எடை கூடியதும் ரிஸ்பெரிடோனில்தான் அதிகம். முதலில் ஆன்டிசைக்காடிக் கொடுத்து அடக்கிவிட்டு, நீண்ட காலத்துக்கு எது ஒத்துவரும் என்று பிறகு பார்ப்பது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். என் மகளுக்கும் முதலில் ரிஸ்பெரிடோன், இரண்டு மாதம் கழித்து லித்தியம் சேர்ந்தது.

உணவோடு சம்பந்தப்பட்ட இரண்டு விவரங்கள். லுராசிடோனை வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. குறைந்தது 350 கலோரி உள்ள சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். அசெனபினை விழுங்கக் கூடாது. நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட்டு, பத்து நிமிடம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். "மருந்து கேட்கவில்லை" என்று மாற்றுமுன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே கவனக்குறைபாடு உள்ள பிள்ளை என்றால், அதற்கான ஊக்கி மருந்தை மனநிலை அடங்கிய பிறகுதான் சேர்ப்பார்கள். பள்ளியிலிருந்து அவசரப்படுத்தினாலும் அந்த வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள்.

லித்தியம்: நேரமும் தண்ணீரும்

"பேட்டரியில இருக்கிற அதே லித்தியமா?" என்று மகள் கேட்டாள். ஆமாம், அதே தனிமம்தான், உப்பு வடிவில். 1949-இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் மேனியாவுக்கு இது கேட்கிறது என்று எழுதினார். எழுபது ஆண்டுகள் தாண்டியும் இதன் இடத்தை எதுவும் முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனால் உதவும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி குறைவு. அதனால்தான் ரத்தத்தில் அளந்துகொண்டே இருக்கிறார்கள். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை வைப்பார்கள், மேனியா அடங்கும் வரை மேல்பக்கமாகவும் பிறகு கீழ்பக்கமாகவும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. அறிக்கையில் மில்லி ஈக்விவலன்ட் என்று போட்டிருந்தாலும் எண் ஒன்றேதான்.

இங்கே பலர் தவறுவது ரத்தம் எடுக்கும் நேரத்தில். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு. காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகு. எங்கள் மூன்றாவது பரிசோதனை அன்று வழக்கப்படி காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டிப் போனோம். 1.3 என்று வந்தது. அளவைக் குறைக்கலாம் என்று டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். எடுத்தவர் நிறுத்தி, "கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?" என்றார். நோட்டைப் புரட்டினேன். 7.40-க்கு மாத்திரை, 9.15-க்கு ரத்தம். இரண்டு நாள் கழித்துச் சரியான நேரத்தில் எடுத்தபோது 0.8. அன்று குறைத்திருந்தால் அந்த மாதமே மேனியா திரும்பியிருக்கலாம். அதன்பின் பரிசோதனைக்கு முந்தைய இரவு மாத்திரை டப்பாவின் மேல் "காலை கிடையாது" என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுவேன்.

தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து அளப்பார்கள், அதற்குள் அளவு நிலைப்பட்டுவிடும். எல்லாம் சீரான பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தைராய்டும் சிறுநீரகமும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தைராய்டு குறைவதை மனச்சோர்வு என்று எண்ணி ஏமாறுவது எளிது. சோம்பல், குளிர் தாங்காமை, முகம் ஊதுவது, எடை கூடுவது என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் கேளுங்கள்.

அடுத்தது தண்ணீர். சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தைப் பிடித்து வைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறும். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், வெயிலில் மணிக்கணக்கில் விளையாட்டு, திடீரென்று உப்பைக் குறைக்கும் உணவுக் கட்டுப்பாடு, எல்லாமே இதில் வரும். தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போகவும் தடை இருக்கக் கூடாது என்று வகுப்பு ஆசிரியரிடம் முதல் வாரமே பேசிவிடுங்கள். நோயின் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. "மருந்தினால் அடிக்கடி தண்ணீர் தேவை" என்றால் போதும்.

வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்றவை லித்தியத்தை வெளியே விடாமல் தேக்கும். மாதவிடாய் வலிக்கு, பல் வலிக்கு என்று யாராவது அன்பாக ஒன்றை நீட்டுவார்கள். வேண்டியது பாராசிட்டமால். எங்கள் வீட்டில் மற்ற வலி மாத்திரைகளை வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டோம். அவளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்த முதல் வாக்கியமும் அதுதான்: "நான் லித்தியம் எடுக்கிறேன், பாராசிட்டமால் மட்டும்தான் ஒத்துக்கும்."

விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் பலருக்கு வரும். அதைச் சொல்ல வேண்டும், பயப்பட வேண்டாம். ஆனால் டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்துகிற அளவுக்குக் கை ஆடுவது, குடித்தவர்போல் நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காதது, குழம்பிப் பேசுவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போய், "லித்தியம் எடுக்கிற பிள்ளை, அளவு பாருங்க" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மாத்திரைப் பட்டையையும் நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மேனியாவா, மருந்தா?

ரிஸ்பெரிடோனின் அளவைக் கூட்டிய நான்காவது நாள், மகள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன் நின்றபோது பார்த்தேன். இடது கால், வலது கால், இடது கால், வலது கால் என்று மாறி மாறி எடையைப் போட்டுக்கொண்டே இருந்தாள், இடத்திலேயே நடப்பதுபோல். இரவு கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மேனியா திரும்பிவிட்டது என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. "மறுபடியும் வந்துடுச்சு டாக்டர்" என்று போனில் சொல்லத்தான் போனேன்.

என் மனைவிதான் தடுத்தாள். "இருங்க, அவகிட்டயே கேட்போம்." கேட்டபோது மகள் அழுதுவிட்டாள். "உள்ள ஏதோ ஊருதுப்பா. உட்கார முடியல. எனக்கு நடக்கப் பிடிக்கல, ஆனா நடக்காம இருக்க முடியல." மேனியாவில் அவள் ஓடியது ஆசையோடு. இது வேதனை. பேச்சு வேகமில்லை, பெரிய திட்டங்கள் இல்லை, தூங்கத்தான் விரும்பினாள், முடியவில்லை. இதையெல்லாம் அப்படியே டாக்டரிடம் படித்துக் காட்டினேன். அக்கதீசியா என்றார். இந்த வகை மருந்துகள் சிலருக்குத் தரும் தவிப்பு. மேனியா என்றிருந்தால் அளவைக் கூட்டியிருப்பார்கள். அக்கதீசியா என்பதால் குறைத்தார். மூன்றே நாளில் அடங்கியது.

நான் "திரும்ப வந்துவிட்டது" என்ற தீர்ப்பை மட்டும் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு. அதனால் என் நோட்டில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: நோயின் பெயரை எழுதுவதில்லை, கண்ணால் கண்டதையும் அவள் வாயால் சொன்னதையும் மட்டும் எழுதுவது. "மூட் சரியில்லை" என்று எழுதாமல், "மாலை 6 முதல் 8 வரை படுத்திருந்தாள், கூப்பிட்டதற்கு எழுந்து வரவில்லை, கேட்டதற்கு 'தலை கனமாக இருக்கு' என்றாள்" என்று எழுதுங்கள். பெயர் வைப்பது டாக்டரின் வேலை.

இதே வகை மருந்துகளில் கழுத்தோ கண்ணோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால் அன்றே காட்ட வேண்டும், அதை உடனே தீர்க்க மருந்து இருக்கிறது. கடும் காய்ச்சல், உடம்பு மரக்கட்டைபோல் விறைப்பு, நினைவுக் குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. பல மாதம் எடுத்த பிறகு உதடு, நாக்கு, விரல்கள் தாமாகவே அசைகின்றனவா என்றும் பார்த்துக்கொண்டே இருங்கள். ரிஸ்பெரிடோன் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நிற்கலாம், மார்பில் பால் கசியலாம். ஆண் பிள்ளைக்கு மார்பு வளரலாம். பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். அம்மாவோ அப்பாவோ முதலிலேயே, "இப்படி வரலாம், வந்தா சொல்லு, மாத்திக்கலாம்" என்று சொல்லி வைத்தால்தான் சொல்வார்கள்.

எடை

மகள் மருந்தை நிறுத்த நினைத்தது எடையால்தான். நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ. இரவில் எழுந்து வந்து சமையலறையில் நின்று, "பசி அடங்கவே மாட்டேங்குதுப்பா" என்பாள். அது நாக்கின் ருசி இல்லை, மருந்து மூட்டும் பசி. "வாயைக் கட்டு" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஒரு முறை எடை, மூன்றாம் மாதம் சர்க்கரையும் கொழுப்பும், பிறகு குறைந்தது வருடத்துக்கு ஒரு முறை. எடை ஏறத் தொடங்கிய முதல் மாதமே டாக்டரிடம் பேசுங்கள். ஓலன்சபினில் எடை மிக அதிகம் ஏறும். ரிஸ்பெரிடோனும் க்வெடியபினும் நடுவில். அரிப்பிப்ரசோல், லுராசிடோனில் குறைவு. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், சிலருக்கு மெட்ஃபார்மின் சேர்ப்பதும் உண்டு. எங்கள் விஷயத்தில் லித்தியம் பிடித்துக்கொண்டதும் ரிஸ்பெரிடோனைப் பாதியாக்கி, பின்பு முழுதாக எடுத்துவிட்டார்கள். அதுவரை நான் செய்தது இரண்டே: இனிப்புப் பானங்களை வீட்டுக்குள் கொண்டுவருவதை நிறுத்தினேன், மாலையில் அவளோடு நடந்தேன். எடை பார்க்கும்போது எண்ணை உரக்கச் சொல்லாமல் நோட்டில் மட்டும் எழுதினேன்.

இன்னும் மூன்று மருந்துகள்

உங்கள் மகளுக்கு வால்ப்ரோயேட் எழுதியிருந்தால் கட்டாயம் கேள்வி கேளுங்கள். கர்ப்ப காலத்தில் எடுத்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 14 வயதுப் பெண்ணுக்கு இது எதற்கு என்று தோன்றும். மருந்து பத்து வருடம் ஓடக்கூடியது, பிள்ளை வளரும். யாருக்குக் கொடுத்தாலும் கல்லீரலையும் ரத்தத் தட்டணுக்களையும் பார்க்க வேண்டும். விடாத வயிற்று வலியும் வாந்தியும் என்றால் உடனே காட்ட வேண்டும்.

லாமோட்ரிஜினை எறும்பு ஊர்வதுபோலத்தான் ஏற்ற வேண்டும், வாரக்கணக்கில். அவசரப்பட்டால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் தடிப்பு வரலாம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அது அதிகம். எந்தத் தடிப்பு வந்தாலும், காய்ச்சலோ வாய்ப்புண்ணோ கண் சிவப்போ கூட இருந்தால் இன்னும் வேகமாக, அன்றே டாக்டரிடம் போங்கள். வால்ப்ரோயேட் கூடவே ஓடினால் லாமோட்ரிஜின் உடம்பில் இரட்டிப்பாகத் தங்கும் என்பதால் அளவு பாதிதான் இருக்க வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. பெரும்பாலும் அடியிலிருந்தே ஏற்றச் சொல்வார்கள்.

கார்பமசெபின் எழுதினால், தொடங்குமுன் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ஆசிய வம்சாவளியினரில் அந்த மரபணு உள்ளவர்களுக்கு அதே கொடிய தடிப்பு வரும் வாய்ப்பு அதிகம்.

விழுங்க வைப்பது, பூட்டி வைப்பது

மாத்திரையைச் சாப்பாட்டில் ஒளித்துக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் தெரியும், அன்றோடு சாப்பாட்டின் மீதும் நம்பிக்கை போய்விடும். வாரத்துக்கு ஏழு அறை உள்ள டப்பா வாங்கி ஞாயிறு மாலை மகளோடு சேர்ந்து நிரப்பினோம். மாத்திரையின் பெயரை அவள் சொல்வாள், நான் சரிபார்ப்பேன். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது. நோட்டில் எழுதிவிட்டு வழக்கமான அளவையே தொடருங்கள்.

"நான்தான் நல்லா இருக்கேனே, எதுக்கு மாத்திரை?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும், பெரும்பாலும் ஆறாம் மாதத்தில். அதோடு இன்னொன்றும் வரும்: "முன்னாடி மாதிரி மனசு பறக்கவே மாட்டேங்குது." அது உண்மையான இழப்பு. அதை மறுக்காதீர்கள். நான் பழைய நோட்டைக் கொடுத்து அந்த ஐந்து நாளையும் அதற்குப் பின் வந்த சோர்வையும் அவளையே படிக்க விட்டேன். வாதாடவில்லை. படித்து முடித்து, "இந்த மந்தம் மட்டும் குறையுமான்னு டாக்டர்கிட்ட கேட்கலாமா?" என்றாள். கேட்டோம், அளவின் பெரும்பகுதியை இரவு வேளைக்கு மாற்றினார், பகல் மந்தம் குறைந்தது. நிறுத்துவது, தொடர்வது என்ற இரண்டுக்கும் நடுவில் எவ்வளவோ வழி உண்டு என்பது அவளுக்கு அன்று தெரிந்தது.

மாத்திரைகள் பூட்டில் இருக்கட்டும். லித்தியம் அதிகம் விழுங்கினால் உயிர் போகும். இந்த நோயில் தற்கொலை எண்ணம் வருவது அபூர்வமில்லை. ஒரு மாத அளவுக்கு மேல் வீட்டில் சேர விடாதீர்கள், தேங்கியதைத் திருப்பிக் கொடுங்கள், வாரம் ஒரு முறை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் கவலை, கூடினாலும் கவலை, கூடினால் அவள் விழுங்கவில்லை. சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமாம்" என்று பதில் வந்தால் அன்றிரவு தனியாக விடாமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மருந்தோடு தூக்க நேரமும் ஓட வேண்டும். பத்து மணிக்கு விளக்கணைப்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும். தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்தால் டாக்டருக்குப் போன். அவர் அதற்கு முன்கூட்டியே ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார், நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறது. நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது குறைக்கலாம்

மேனியா அடங்கிய பிறகும் குறைந்தது ஒன்றரை, இரண்டு வருடம் தொடர்வது வழக்கம். பலருக்கு இன்னும் நீளும். நிறுத்துவதாக இருந்தால் தேர்வோ வீடு மாற்றமோ இல்லாத காலம் பார்த்து, டாக்டர் சொல்லும் வேகத்தில், வாரங்களாக மாதங்களாகக் குறைக்க வேண்டும். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா திரும்பும் அபாயம் கூடும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டால்கூட அது திடீர் நிறுத்தம்தான். நான் ஒரு வாரத்து மாத்திரையைப் பயணப் பையிலேயே தனியாக வைத்திருக்கிறேன்.

பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுப்பதும் இதேபோல் மெதுவாகத்தான். 15 வயதில் டப்பாவை நிரப்புவது அவள் வேலையானது. 16-இல் டாக்டரிடம் முதல் பத்து நிமிடம் அவள் தனியாகப் பேசினாள், நாங்கள் வெளியே இருந்தோம். 17-இல் நோட்டு எழுதுவதை எடுத்துக்கொண்டாள், என் கட்டங்கள் போதாது என்று "மாதவிடாய்" என்று ஒரு பத்தி சேர்த்தாள். அதற்கு முந்தைய நான்கு நாள் அவள் மனம் கீழே போவது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டரும் அதைக் குறித்துக்கொண்டார். பூட்டுச் சாவி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது, அவள் கேட்டுக்கொண்டபடி. அடுத்த ரத்தப் பரிசோதனை வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு. டப்பாவின் மேல் "காலை கிடையாது" சீட்டை இந்த முறை அவளே ஒட்டியிருக்கிறாள்.